பிறருக்காகக் கடலில் நீந்தும் பெண்கள்: மனசுக்கு என்ன கிடைக்கிறது?



கடந்த அக்டோபரில் கடலோரத் தொகுப்புக் கூட்டம் நடந்தது. சேமிப்பு, கடன் வசூல், வங்கி விஷயம் எல்லாம் பேசி முடித்த பிறகு, பழைய செய்தித்தாளில் வந்த ஒரு படத்தை எல்லோருக்கும் காட்டினோம். வெளிநாட்டுக் கடற்கரை. டிசம்பர் மாதக் குளிர். ஐம்பது, அறுபது வயதுப் பெண்கள் கைகோத்துக்கொண்டு கடலுக்குள் இறங்குகிறார்கள். புற்றுநோயாளிகளுக்கு நிதி திரட்டுவதற்காக இந்தக் கடல் நீச்சல் என்று படத்தின் கீழே போட்டிருந்தது.

கூட்டத்தில் ஒரே சிரிப்பு. "கடல்ல குளிச்சா யாரு காசு தருவாங்க? எங்க ஊர்ப் பசங்க தெனமும் குளிக்கிறாங்களே!" என்றார் ஒரு ஊக்குநர். "இந்த வயசுல இவங்களுக்கு இது தேவையா?" என்றார் இன்னொரு உறுப்பினர்.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு அக்கா மட்டும் சிரிக்கவில்லை. 2004 சுனாமியில் மகளைப் பறிகொடுத்தவர் அவர். மீன் விற்கிறவர்தான். ஆனால் இத்தனை வருஷத்தில் ஏலம் விடும் இடத்தைத் தாண்டி அலை பக்கம் கால் வைத்ததில்லை. அவர் மெதுவாகக் கேட்டார்: "எம் புள்ளைய எடுத்துக்கிட்டுப் போன கடலு அது. அதுல வேணும்னே போய் இறங்குறாங்களா? எதுக்கு?"

அன்றைக்கு எங்களால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறோம். அக்காவின் சம்மதத்தோடுதான் எழுதுகிறோம். பெயர் மட்டும் போடவில்லை.

நிதி திரட்டும் நீச்சல் என்றால் என்ன?

நம்ம ஊரில் ஒருவர் வேண்டுதல் வைத்துப் பாதயாத்திரை போகிறார். வெயிலில் வெறுங்காலோடு நடக்கிறார். வழியில் இருக்கிறவர்கள் என்ன செய்கிறார்கள்? முன்பின் தெரியாதவருக்குக்கூட மோர் கொடுக்கிறார்கள், பானகம் கொடுக்கிறார்கள், அன்னதானம் போடுகிறார்கள். ஒருவர் உடம்பை வருத்தி ஒரு காரியம் செய்யும்போது, பார்க்கிறவர்களின் கை தானாக நீளுகிறது. இது மனித சுபாவம்.

இங்கிலாந்து, அயர்லாந்து, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் இதே சுபாவத்தை வைத்துத்தான் நிதி திரட்டுகிறார்கள். ஒரு பெண் தன் சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தவர், கூட வேலை செய்கிறவர்கள் எல்லோரிடமும் போய், "நான் இந்தத் தேதியில் கடலில் இவ்வளவு தூரம் நீந்தப் போகிறேன். இந்த நோயாளிகள் இல்லத்துக்காக நீந்துகிறேன். உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்" என்று கேட்கிறார். முன்பெல்லாம் ஒரு படிவத்தில் பெயரும் தொகையும் எழுதி வாங்குவார்கள். இப்போது பெரும்பாலும் செல்போன் வழியாகவே பணம் போய்ச் சேருகிறது. நீந்துகிறவருக்கு இதில் ஒரு பைசா கிடையாது. பல இடங்களில் படகு, பாதுகாப்பு ஆட்கள் செலவுக்காக அவரே நுழைவுக் கட்டணமும் கட்ட வேண்டும்.

அங்கே பெரிய வேலைகள்கூட இப்படிப்பட்ட நன்கொடையில் நடக்கின்றன. இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் கடலில் தத்தளிப்பவர்களை மீட்கும் உயிர்காக்கும் படகுச் சங்கம் ஒன்று இருக்கிறது. ஆர்.என்.எல்.ஐ. என்று சொல்வார்கள். 1824-இல் தொடங்கியது. இது அரசாங்கத் துறை இல்லை, தொண்டு நிறுவனம். படகில் போகிறவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தொண்டர்கள். மக்கள் கொடுக்கும் காசில்தான் முக்கியமாக இது நடக்கிறது. இந்தச் சங்கத்துக்காகவும் பலர் கடலில் இறங்கிப் பணம் திரட்டுகிறார்கள்.

பெண்கள் போராடி வாங்கிய இடம்

இந்த நீச்சலில் பல வகை உண்டு. சும்மா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, ஒரு முழுக்குப் போட்டுவிட்டு ஓடி வருவதும் உண்டு. கிறிஸ்துமஸ் அன்றும், அதற்கு அடுத்த நாளும், புத்தாண்டு அன்றும் இது பல கடற்கரைகளில் நடக்கும். அப்போது அங்கே தண்ணீர் 10 டிகிரி அளவில்தான் இருக்கும். நம் வங்கக் கடல் பெரும்பாலும் 28 டிகிரி அளவில் வெதுவெதுப்பாக இருப்பது. அப்படியென்றால் அந்தக் குளிரை நினைத்துப் பாருங்கள்.

அயர்லாந்தின் தலைநகர் டப்ளின் பக்கத்தில் சேண்டிகோவ் என்ற இடம் இருக்கிறது. அங்கே பாறைகளுக்கு நடுவில் 'ஃபார்ட்டி ஃபுட்' என்று ஒரு கடல் குளியல் துறை. ரொம்ப காலம் அது ஆண்களுக்கு மட்டும்தான். 1974-இல் சில பெண்கள், "கடல் என்ன ஆம்பளைங்க சொத்தா?" என்கிற மாதிரி துணிந்து போய் அதில் இறங்கினார்கள். எதிர்ப்பு இருந்தது. ஆனாலும் விடவில்லை. இன்றைக்கு அதே துறையில் பெண்கள் வருஷம் முழுக்க நீந்துகிறார்கள். கிறிஸ்துமஸ் அன்று ஆணும் பெண்ணுமாகக் கூட்டம் நெரிகிறது. நம் பெண்கள் வங்கிப் படியேறிய முதல் நாளையும், கிராம சபையில் எழுந்து பேசிய முதல் நாளையும் நினைத்துப் பார்த்தால் அந்தப் பெண்களின் மனசு நமக்குப் புரியும்.

ஆறு பேர், ஆளுக்கு ஒரு மணி நேரம்

நாங்கள் படித்ததில் நம் குழுக்களுக்கு ரொம்பப் பொருத்தமாகத் தெரிந்தது ஆங்கிலக் கால்வாய்த் தொடர் நீச்சல். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவில் இருக்கும் கடல்தான் ஆங்கிலக் கால்வாய். பெயர்தான் கால்வாய். மிகக் குறுகலான இடத்திலேயே அகலம் சுமார் 33 கிலோமீட்டர். உலகத்திலேயே அதிகமாகக் கப்பல்கள் போய்வரும் கடல் பாதைகளில் அதுவும் ஒன்று. அதில் இழுது மீன் எனப்படும் சொறிமுட்டையும் உண்டு.

இதைத் தனி ஆளாக நீந்துபவர்கள் உண்டு. ஆனால் தொண்டு நிறுவனங்களுக்காக நீந்தும் பலர் குழுவாகத்தான் போகிறார்கள். ஆறு பேர் கொண்ட குழு என்றால் நடைமுறை இப்படி:

* முதல் ஆள் கரையிலிருந்து இறங்கி ஒரு மணி நேரம் நீந்த வேண்டும். மற்ற ஐந்து பேரும் கூடவே வரும் படகில் இருப்பார்கள்.

* ஒரு மணி நேரம் ஆனதும் இரண்டாவது ஆள் தண்ணீரில் இறங்குவார். முதல் ஆள் படகில் ஏறுவார். இப்படியே ஆறு பேரும். பிறகு மறுபடியும் முதல் ஆள்.

* வரிசை மாறக் கூடாது. ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர் இறங்கக் கூடாது. நீந்தும்போது படகைப் பிடிக்கவும் கூடாது.

* குளிரைத் தாங்கும் தடித்த ரப்பர் உடை போடக் கூடாது. சாதாரண நீச்சல் உடை, தொப்பி, கண்ணாடி மட்டும்தான்.

* ஒருவர் தன் முறையை நீந்த முடியாமல் போனால், மொத்தக் குழுவின் நீச்சலும் கணக்கில் வராது.

கடைசி விதியைப் படித்தபோது நம் கூட்டுப் பொறுப்புதான் எங்களுக்கு ஞாபகம் வந்தது. ஒருவர் தவணை தவறினால் குழுவுக்கே கெட்ட பெயர் வருகிறது இல்லையா? ஆனால் அங்கே அதைப் பயமுறுத்தலாக மட்டும் எடுத்துக்கொள்வதில்லை. மாதக்கணக்கில் சேர்ந்து பயிற்சி செய்கிறார்கள். தொடர் நீச்சலில் கலந்துகொள்ள வேண்டுமென்றால் ஒவ்வொருவரும் முன்கூட்டியே 16 டிகிரி அல்லது அதற்கும் குளிர்ந்த தண்ணீரில் இரண்டு மணி நேரம் நீந்திக் காட்ட வேண்டும். நம் மார்கழித் தண்ணீரைவிட நல்ல குளிர் அது. யார் எங்கே பலவீனம், யாருக்கு ராத்திரிக் கடல் என்றால் பயம், யாருக்குப் படகில் வாந்தி வரும் என்பதெல்லாம் கடலுக்குப் போகும் முன்பே குழுவுக்குத் தெரிந்திருக்கும்.

கரை சேரப் பெரும்பாலும் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால் சிலருக்கு இருட்டில் நீந்த வேண்டி வரும். ஒரு முறை நீந்திக் களைத்து, ஐந்து மணி நேரம் ஈரக் காற்றில் படகில் உட்கார்ந்திருந்துவிட்டு, மறுபடி அந்தக் குளிரில் இறங்குவதுதான் கஷ்டம். முதல் முறை தைரியம் போதும். இரண்டாவது முறை, "எனக்காக மற்ற ஐந்து பேரும் காத்திருக்கிறார்கள்" என்கிற நினைப்புதான் இறக்கிவிடும்.

மனசுக்கு என்ன கிடைக்கிறது?

இப்போது அக்காவின் கேள்விக்கு வருவோம். எதுக்கு இறங்குகிறார்கள்? பணம் திரட்ட வேறு வழியே இல்லையா? இருக்கிறது. ஆனாலும் ஒருமுறை இறங்கியவர்கள் திரும்பத் திரும்ப இறங்குகிறார்கள். அதற்கு நான்கு காரணங்களைச் சொல்லலாம்.

ஒன்று, மூச்சு. குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உடம்பு அதிர்ந்துபோகும். மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும். முதல் ஓரிரு நிமிஷம் இது அதிகமாக இருக்கும். அப்போது பதறாமல் மூச்சை மெதுவாக விட்டால் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும். அந்த நேரத்தில் மனசு வேறு எங்கேயும் போக முடியாது. கடன்காரர், மாமியார் பேச்சு, பிள்ளையின் பரீட்சை, எதுவும் ஞாபகத்துக்கு வராது. பயம் வரும், இருக்கும், போய்விடும் என்பதை உடம்பே அனுபவித்துக் கற்றுக்கொள்கிறது. வாயால் ஆயிரம் முறை "பயப்படாதே" என்று சொல்வதைவிட இது பெரிய பாடம்.

இரண்டு, உடம்பைப் பற்றிய எண்ணம். நாம் பெண்கள் நம் உடம்பை எப்படிப் பார்க்கிறோம்? வேலை செய்ய ஒரு உடம்பு. பிள்ளை பெற ஒரு உடம்பு. நாலு பேர் குறை சொல்ல ஒரு உடம்பு. குண்டு, கறுப்பு, வயசாகிவிட்டது என்று. கடலில் இறங்கி நீந்திக் கரையேறுகிற பெண்ணுக்கு, "இந்த உடம்பால் இதுவும் முடிந்ததே" என்று ஒரு சந்தோஷம். அது யாரும் கொடுத்தது இல்லை. அதனால் யாரும் பிடுங்கவும் முடியாது.

மூன்று, துணை. இந்த நீச்சல்களில் தனியாக இறங்கக் கூடாது என்பது முதல் பாடம். எத்தனை பேர் இறங்கினார்கள் என்று கரையில் எண்ணி எழுதுவார்கள். அத்தனை பேரும் திரும்பி வந்தார்களா என்று மறுபடி எண்ணுவார்கள். நம் பேரேட்டில் வரவும் செலவும் ஒத்துப்போகும் வரை விடமாட்டோமே, அது போல. "நான் திரும்பி வந்தேனா என்று பார்க்க ஒருத்தர் இருக்கிறார்" என்ற நினைப்பே தனிமையில் வாடும் மனசுக்குப் பெரிய மருந்து. கரையேறிய பிறகு துண்டைப் போர்த்திக்கொண்டு, நடுங்கிக்கொண்டே சூடாக டீ குடிப்பார்கள். வீட்டில் பேச முடியாத பேச்செல்லாம் அந்த டீயோடு வந்துவிடும். நம் குழுக் கூட்டம் முடிந்தும் வாசலில் நின்று அரை மணி நேரம் பேசுகிறோமே, அதே கதைதான்.

நான்கு, துக்கத்துக்கு ஒரு வேலை. இதுதான் முக்கியமானது என்று எங்களுக்குத் தோன்றுகிறது. இப்படி நீந்துகிறவர்களில் பலர் யாரையோ இழந்தவர்கள். அம்மாவைப் புற்றுநோய்க்குக் கொடுத்தவர், கடைசி நாட்களில் அம்மாவைப் பார்த்துக்கொண்ட இல்லத்துக்காக நீந்துகிறார். மகனைத் தண்ணீரில் இழந்தவர், உயிர்காக்கும் படகுக்காக நீந்துகிறார். இறந்தவருக்காக இனிமேல் செய்ய ஒன்றுமில்லை என்று உட்கார்ந்துவிட்டால் துக்கம் உள்ளேயே புளித்துப்போகும். "அவள் பேரில் ஒரு காரியம் செய்கிறேன்" என்றால் அந்தத் துக்கத்துக்குக் கையும் காலும் வருகிறது. துக்கம் போய்விடாது. ஆனால் அதைச் சுமக்கிற விதம் மாறுகிறது.

இன்னொன்றும் உண்டு. தனக்காக அரை மணி நேரம் ஒதுக்க நம் பெண்களுக்குக் கூச்சம். "அடுத்தவங்களுக்காக" என்றால் கூச்சமில்லாமல் கிளம்புவோம். போனவர்களுக்குத் தெரியாமலேயே அவர்களுக்கும் நல்லது நடந்துவிடுகிறது.

மருத்துவர்கள் என்ன சொல்கிறார்கள்?

2018-இல் இங்கிலாந்து மருத்துவர்கள் பி.எம்.ஜே. கேஸ் ரிப்போர்ட்ஸ் என்ற மருத்துவ இதழில் ஒரு பெண்ணின் விவரத்தை எழுதினார்கள். 24 வயது. 17 வயதிலிருந்தே மனச்சோர்வும் பதற்றமும். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பெண் குழந்தை பிறந்த பிறகு, மாத்திரை இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். வாரம் ஒருமுறை குளிர்ந்த திறந்தவெளித் தண்ணீரில் நீந்தத் தொடங்கினார். ஒவ்வொரு முறை நீந்திய பிறகும் மனசு தெளிந்தது. கொஞ்சம் கொஞ்சமாக நோயின் அறிகுறிகள் குறைந்தன. மாத்திரையைக் குறைத்து, பிறகு நிறுத்தவும் முடிந்தது. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோதும் மாத்திரை இல்லாமலேயே இருந்தார்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கவனமாகப் புரிந்துகொள்ள வேண்டும். இது ஒரே ஒரு பெண்ணின் விவரம். ஒருவருக்குப் பலித்தது எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாது. நீச்சல், உடற்பயிற்சி, ஆட்களோடு சேர்ந்திருப்பது, பயத்தைத் தாண்டியது, இதில் எது அவருக்கு உதவியது என்று பிரித்துச் சொல்வதும் கஷ்டம். அதனால் மனநல மாத்திரை சாப்பிடும் உறுப்பினர்கள் யாரும் தாங்களாக நிறுத்தவே கூடாது. மருத்துவரைக் கேட்டுத்தான் எதுவும் செய்ய வேண்டும்.

தூக்கம் வராமல், சாப்பிடப் பிடிக்காமல், அழுகை அழுகையாக வருகிறது என்றால் அது சோம்பேறித்தனமும் இல்லை, பேய் பிசாசும் இல்லை. அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் 14416-க்குக் காசில்லாமல் பேசலாம். தமிழிலேயே பேசலாம்.

கரை சேராமல் போனால்?

நிதி திரட்டும் நீச்சலில் எல்லோரும் முடித்துவிடுவதில்லை. அலை, குளிர், நீரோட்டம் பார்த்துப் பாதியில் ஏறச் சொல்லிவிடுவார்கள். பணம் கொடுத்தவர்கள் அதைத் திருப்பிக் கேட்பதில்லை. முயற்சிக்குத்தான் கொடுத்தார்கள்.

கொல்கத்தாவைச் சேர்ந்த ஆரதி சாகா 1959 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயைத் தனியாக நீந்த முயன்றார். முடியவில்லை. ஊருக்குத் திரும்பாமல் மறுபடி பயிற்சி செய்தார். செப்டம்பர் 29-ஆம் தேதி நீந்திக் கடந்தார். ஆங்கிலக் கால்வாயைக் கடந்த முதல் ஆசியப் பெண் அவர்தான். அப்போது வயது 19. அவர் தொண்டு நிதிக்காக நீந்தவில்லை. ஆனாலும் தோற்ற ஒரு மாதத்திலேயே அதே கடலில் மறுபடி இறங்கிய மனசு நம் எல்லோருக்கும் வேண்டியது.

நம் பக்கத்துக் கடலிலும் ஒரு பெண் பிள்ளை ஒரு நோக்கத்துக்காக நீந்தியிருக்கிறாள். ஆட்டிசம் பாதிப்பு உள்ள ஜியா ராய், 2022 மார்ச்சில், 13 வயதில், இலங்கையின் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை 29 கிலோமீட்டரை 13 மணி 10 நிமிஷத்தில் நீந்தினாள். ஆட்டிசம் பற்றி மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக நீந்தினாள். "இந்தப் புள்ளைக்கு ஒண்ணும் வராது" என்று நாம் ஒதுக்கி வைக்கும் பிள்ளைகளை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள்.

நமக்கு இது ஏன் முக்கியம்?

"வெளிநாட்டுக்காரங்க செய்யிறது, நமக்கு எதுக்கு?" என்று கேட்கலாம். இந்தக் கணக்கைப் பாருங்கள். சுனாமிக்குப் பிறகு 2005-இல் ஆக்ஸ்ஃபாம் தொண்டு நிறுவனம் வெளியிட்ட அறிக்கையில், கடலூரில் இறந்த பெண்கள் 391 பேர், ஆண்கள் 146 பேர். ஏறக்குறைய மூன்று மடங்கு. ஏன்? ஆண்கள் பலர் ஆழ்கடலில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே அலை உயரமில்லாமல் கடந்துபோனது. பெண்கள் கரையில் மீனுக்காகக் காத்திருந்தார்கள். இடுப்பில், கையில் குழந்தைகள். நீந்துவதும் மரமேறுவதும் ஆண் பிள்ளைகளுக்கே கற்றுக்கொடுக்கப்படுவதையும் அந்த அறிக்கை இலங்கையை வைத்துச் சுட்டிக்காட்டியது.

அந்த மாதிரி அலையில் நீச்சல் தெரிந்தவர்களும் இறந்தார்கள். நீச்சல் தெரிந்திருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது, இறந்தவர்கள் மேல் பழி போடுவதாகும். ஆனால் கிணறு, ஏரி, ஆறு, கல்குவாரிக் குட்டை என்று நம்மைச் சுற்றி எங்கும் தண்ணீர். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். ஆண் பிள்ளை கிணற்றில் குதித்தால் "சூரன்" என்கிறோம். பெண் பிள்ளை கேட்டால் "அடக்கமா இரு" என்கிறோம்.

உடைதான் தடை என்றால் அதற்கும் வழி இருக்கிறது. ஆப்பிரிக்காவில் சான்சிபார் தீவில், பெரும்பாலும் இஸ்லாமியர் வாழும் கடலோர ஊரில், பாஞ்சே திட்டம் என்ற பெயரில் பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் நீச்சல் கற்றுத்தருகிறார்கள். உடம்பு முழுக்க மூடிய நீச்சல் உடையோடு இறங்குகிறார்கள். கற்றுக்கொண்டவர்கள் மற்றவர்களுக்குக் கற்றுத்தருகிறார்கள்.

கட்டாயம் கவனிக்க வேண்டியவை

* இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் நேராகக் கடலிலோ கிணற்றிலோ இறங்க வேண்டாம். பயிற்சியாளர் இல்லாமல் நீச்சல் பழகக் கூடாது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் நீச்சல் குளம் உள்ள ஊர்களில் கோடை விடுமுறையில் பயிற்சி நடக்கும். மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

* இதய நோய், ரத்தக் கொதிப்பு, வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது.

* தவறித் தண்ணீரில் விழுந்துவிட்டால் கைகாலை உதறிக் கத்த வேண்டாம். தலையைப் பின்னால் சாய்த்து, காது நனையும்படி மல்லாந்து, கைகளை லேசாக அசைத்து மிதக்கப் பாருங்கள். மூச்சு சீரானதும் உதவிக்குக் கூப்பிடுங்கள். உயிர்காக்கும் படகுச் சங்கத்தினர் எல்லோருக்கும் சொல்லித்தரும் முதல் பாடம் இது.

* ஒருவர் மூழ்குவதைப் பார்த்தால் பின்னாலேயே குதிக்காதீர்கள். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து போய்விடுவார். கயிறு, கம்பு, சேலை, காலிக் குடம், மூடிய காலி கேன் எது கிடைத்தாலும் வீசுங்கள். ஆட்களைக் கூப்பிடுங்கள். 108-க்குச் சொல்லுங்கள்.

டிசம்பர் 26

முடிக்கும் முன் ஒரு செய்தி. ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் 26 அன்று கடலோர ஊர்களில் கடலுக்குப் பால் ஊற்றி, பூப் போட்டு அஞ்சலி செலுத்துவார்கள். நம் அக்கா நினைவுக் கல்லோடு நின்றுவிடுவார். மணலில் இறங்க மாட்டார்.

போன டிசம்பரில் அவருடைய குழுவினர் பன்னிரண்டு பேர் அவர் வீட்டுக்கே போனார்கள். "நீ தண்ணிகிட்ட வர வேணாம். நாங்க போறோம், கூட நில்லு" என்றார்கள். எல்லோரும் கைகோத்து வரிசையாக மணலில் நடந்தார்கள். கணுக்கால் வரை தண்ணீர் வந்தது. அடுத்த அலை வந்தபோது அக்கா இறுக்கிப் பிடித்ததில் பக்கத்தில் இருந்தவரின் கண்ணாடி வளையல் உடைந்தது. யாரும் கையை விடவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்கள். பூவை விட்டார்கள். "போதும்டி, இன்னிக்கு இவ்வளவு போதும்" என்றார் அக்கா. திரும்பி வந்து ஊக்குநர் வீட்டில் டீ குடித்தார்கள்.

அவர்கள் நீந்தவில்லை. நிதியும் திரட்டவில்லை. ஆனால் பல மைல் தாண்டி அந்தக் குளிர்ந்த கடலில் இறங்கும் பெண்களுக்கு என்ன கிடைக்கிறதோ, அதில் கொஞ்சம் அன்றைக்கு அவர்களுக்கும் கிடைத்தது என்று நாங்கள் நினைக்கிறோம்.

ஜனவரி மாதக் கூட்டத்தில் அக்கா எழுந்தார். "எம் பேத்திக்கு எட்டு வயசு ஆவுது. அவளுக்கு நீச்சல் கத்துக்குடுக்கணும். எங்க சேக்கணும், கேட்டுச் சொல்லுங்க" என்றார். குழுவில் உள்ள எல்லாப் பெண் பிள்ளைகளையும் வரும் கோடையில் சேர்ந்து அனுப்புவது, பேருந்துச் செலவைக் குழு ஏற்பது என்று அன்றே தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

உங்கள் குழுக் கூட்டத்தில் பேசிப் பாருங்கள்

1. நம் குழுவில் எத்தனை பேருக்கு நீச்சல் தெரியும்? தெரியாதவர்களுக்கு ஏன் கற்றுத்தரவில்லை?

2. நம் ஊரில் பிள்ளைகள் தவறி விழக்கூடிய கிணறு, குட்டை எங்கெல்லாம் இருக்கிறது? வேலி போட ஊராட்சியிடம் மனு கொடுத்தோமா?

3. நம் குழுவில் துக்கத்தை உள்ளேயே வைத்துக்கொண்டு வருகிற உறுப்பினர் யார்? அவர் கூட நிற்க நாம் என்ன செய்யலாம்?

பேசியதை உங்கள் பகுதிக் களப்பணியாளரிடம் எழுதிக் கொடுங்கள். அடுத்த இதழில் வெளியிடுவோம்.